கூர்முனைக் குறிக்குள் மறைந்த பெயர்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எனக்கு முன்பின் அறிமுகமில்லாத பெண்மணி. நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையின் இணையத்தளத்தில், 2005 ஜனவரியில், மட்டக்களப்பு நாவலடியில் கடற்கோளுக்குப் பலியானோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று வெளிவந்திருந்தது. "ஐயா, அந்தப் பட்டியலில் என் சின்னம்மாவின் பெயர் இருந்ததா? பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நிருபரிடம் பெயரைச் சொன்னதாக அப்போது தொலைபேசியில் அறிந்தோம். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. தங்கச்சியின் பெயரை ஒருமுறை எழுத்தில் பார்க்கவேண்டும் என்கிறார்" என்று கேட்டிருந்தார்.

சின்னம்மாவின் உடல் கிடைக்கவில்லை. கல்லறையும் இல்லை. இத்தகைய குடும்பங்களுக்கு ஒரு பட்டியலில் அச்சேறிய பெயர் எவ்வளவு பெறுமதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த இணையத்தளம் இப்போது இல்லை. ஆனால் அப்பெண்மணி விடவில்லை. பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் அமெரிக்காவின் இணைய ஆவணக்காப்பகத்தில் அப்பக்கத்தின் பிரதியைத் தேடிப் பிடித்துவிட்டார். திறந்தால் தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகள். எவரோ சொல்லிக்கொடுத்தபடி அவற்றை எழுத்துருமாற்றி ஒன்றில் இட்டுத் தமிழாக்கியுமிருக்கிறார். பட்டியலின் தலைப்பில் 61 பேர் என்று இருக்கிறது. எண்ணினால் 60 பேர்தான். சின்னம்மா இல்லை.

அந்தப் பட்டியலை இணையத்தில் ஏற்றியவன் நான். அச்சுப் பதிப்பில் இடமில்லாமற் போனதால் இணையத்தில் மட்டுமே வெளியிட்டோம். எனவே தூசு தட்டிப் பார்ப்பதற்குப் பழைய தாளும் இல்லை. அறுபத்தோராவது பெயர் எங்கே போனதென்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. அது போன வழியைச் சொல்வதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

ஜெனீவாவுக்கு அருகே, சுவிற்சர்லாந்து – பிரான்ஸ் எல்லையில், சேர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுகூடம் இருக்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் வந்துபோகும் இடம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைக் கணினியைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் எழுதிவைத்ததை மற்றவரால் தம் இயந்திரத்தில் படிக்க முடிவதில்லை. அங்கு பணிபுரிந்த ரிம் பேர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் இதற்கொரு தீர்வை எழுதிக் கொடுத்தார். எந்த இயந்திரமும் அறிந்த சாதாரண எழுத்துகளாலேயே ஆவணம் இருக்கட்டும். தலைப்பு இது, பந்தி இது, இணைப்பு இது என்று காட்டுவதற்குச் சில குறிச்சொற்களை இடையில் செருகுவோம். அவற்றைத் தத்தமக்கு இயன்றபடி காட்டுவது படிப்பவரின் இயந்திரத்தின் வேலை. இதிலிருந்து பிறந்ததே எச்டிஎம்எல். குறிச்சொல்லைச் சாதாரண சொல்லிலிருந்து பிரித்தறிவதற்காக, கணிதத்தில் 'இதனிலும் சிறியது', 'இதனிலும் பெரியது' என்று காட்டும் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கிடையே அதை அடைத்தார்கள். இந்தக் கூர்முனைகளை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

1991 ஓகஸ்டில் இணைய வலை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி, அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் எழுத்தில் கொடுத்தது. இதன் பெறுமதியை அறிய அதே ஆண்டின் இன்னொரு செய்தியைப் பார்க்கலாம். அப்போது வலையைவிடக் கூடுதலாகப் பாவனையிலிருந்தது, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோபர் என்னும் முறை. அதன் வழங்கி மென்பொருளுக்குச் சிலரிடம் கட்டணம் அறவிடப் போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அறவிட்டது சொற்பம்தான். ஆனால் நாளை என்ன கேட்பார்களோ என்ற ஐயம் எழுந்துவிட்டது. ஆட்கள் வலைப்பக்கம் சாய்ந்தார்கள். சில ஆண்டுகளில் கோபரை நினைப்பாரில்லை.

இந்தத் திறந்த ஏற்பாட்டில் நம்மவர்க்கு ஒரு குறை இருந்தது. எந்த இயந்திரமும் அறிந்த எழுத்துகள் என்றேனல்லவா, அந்த எழுத்துகள் மேற்கு ஐரோப்பியருடையவை. தொடக்ககால எச்டிஎம்எல் 256 இடங்களைக் கொண்ட இலத்தீன் அட்டவணை ஒன்றையே தன் எழுத்தாகக் கொண்டிருந்தது. தமிழுக்கு அதில் இடமில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இலக்கம் கொடுக்கும் யூனிகோட்டின் முதற்பதிப்பு 1991இல் வந்திருந்தது. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அது கடதாசியில் இருந்த தரம். வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்த கணினி எதுவும் அதை அறியாது.

தமிழர் காத்திருக்கவில்லை. 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரின் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையமேறியபோது, நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழும் அவற்றுள் ஒன்றாயிற்று. சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்தது. இலங்கையிலும், இங்கிருந்து பெயர்ந்தோர் வாழ்ந்த நாடுகளிலும், பாமினி என்றோர் எழுத்துரு கோலோச்சியது.

பாமினியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டச்சுப் பொறியில் பழகிய கைகளுக்கு ஏற்றது அது. எங்கள் ஆசிரியபீடத்தில் அச்சுக்கோப்பாளர்கள் அதில் மின்னல் வேகத்தில் இயங்கினார்கள். அதன் தந்திரம் எளிது. ஆங்கில எழுத்துகளின் உருவங்களைக் கழற்றிவிட்டு அதே இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்திவிடுவது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் ஆங்கிலமே எழுதுகிறீர்கள். திரையில் தமிழ் தெரிகிறது. 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேலுள்ள குற்று.

அச்சகத்துக்கு இது போதும். அதற்கு வேண்டியது எழுத்தின் உருவம்; தாளில் மை ஒட்டிவிட்டால் உள்ளே இருந்தது எதுவென்று எவரும் கேட்பதில்லை. எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் 'ரி' என்று எழுத ரகரத்தைத் தட்டமாட்டார்கள். அரவைத் தட்டி அதன்மேல் விசிறியைப் போடுவார்கள். கண்ணுக்கு அதுவும் 'ரி'தானே. இணையத்தில் இந்தச் சாமர்த்தியங்கள் எல்லாம் வம்பாக முடிந்தன. 'இலங்கை' என்ற சொல் பாமினியில் ஒரு காற்புள்ளியுடன் தொடங்கும். நடுவில் ஓர் அரைப்புள்ளி வரும். தேடுபொறி அதைச் சொல்லாகவே காணாது. இரண்டு துண்டாக வெட்டிவிடும். பின்துண்டு, 'என்றால்' என்று பொருள்படும் 'இஃப்' என்ற ஆங்கிலச் சொல்லாக நிற்கும். நாங்கள் இலங்கையைப் பற்றி ஆயிரமாயிரம் பக்கங்கள் எழுதினோம். உலகின் எந்தத் தேடுபொறியிலும் அந்த நாடு இருக்கவில்லை.

எங்கள் பத்திரிகை 1998இல் இணையத்துக்கு வந்தது. முதல் நாளே வாசகர்களுக்கு ஓர் அறிவித்தல் வைத்தோம்: 'எழுத்துருவை இறக்கிக்கொள்ள இங்கே அழுத்துங்கள்.' அறிவித்தலைப் பாமினியிலேயே எழுதியிருந்தோம்! எழுத்துரு இல்லாதவரால் அதை எப்படிப் படிக்க முடியும்? இரண்டு நாட்களுக்குப் பின்னர் விழித்துக்கொண்டு அதைப் படமாக மாற்றினோம். பாரிஸின் லா சப்பல் பக்கத்து இணையக் கடையில் அமர்ந்து ஊர்ச் செய்தி படிக்க விரும்பியவருக்கு அதுவும் உதவவில்லை. கடைக்காரரின் கணினியில் எழுத்துருவை நிறுவ அவருக்கு ஏது உரிமை?

அந்த ஆண்டு யூன் மாதத்தில் அரசாங்கம் இராணுவச் செய்திகள்மீது தணிக்கையைக் கொண்டுவந்தது. அதற்குச் சில கிழமைகளின் பின் வெளிநாட்டு வாசகர் ஒருவரிடமிருந்து சினங்கொண்ட கடிதம் வந்தது. "தணிக்கைக்குப் பயந்து 'ஈழம்' என்ற சொல்லையே உங்கள் கட்டுரைகளிலிருந்து நீக்கிவிட்டீர்களா? வெட்கமாக இல்லையா?" ஆசிரியர் என்னை அழைத்தார். அச்சுப் பிரதியில் சொல் இருந்தது. இணையத்தில் இல்லை, அது மட்டுமன்றி, அதைத் தொடர்ந்த சில சொற்களும் இல்லை. எங்களுள் ஒருவர் அரச கைங்கரியம் என்றார். இன்னொருவர் நம்மவருள் ஒருவரே என்று சாடையாகச் சொன்னார். அன்றைய கொழும்பில் சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை.

இணையப் பகுதியைப் பார்த்துவந்த இளைஞர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். பாமினியில் 'ஈ' என்ற உயிரெழுத்து, முன்பு நினைவில் வைத்திருக்கச் சொன்ன அந்தக் கூர்முனைக் குறியின் இடத்தில் இருந்தது. காற்புள்ளியோ மறுபக்கக் கூர்முனையின் இடத்தில். ஈழம் என்று எழுதினால், உலாவி அதைக் குறிச்சொல் ஒன்றின் தொடக்கமென்று கொள்ளும். அறியாத குறிச்சொல்லைக் காட்டாமல் விடவேண்டும் என்பது விதி. ஆகவே அடுத்த காற்புள்ளி வரும்வரை உள்ள அனைத்தையும் விழுங்கிவிட்டு, அங்கே குறிச்சொல் முடிந்ததென்று மேலே செல்லும். எங்கள் தணிக்கையாளர் ஓர் எழுத்துரு. கூர்முனைக்குப் பதிலாக வேறொரு குறியீட்டுத் தொடரை இடவேண்டும் என்று இளைஞர் எனக்குக் கற்றுத் தந்தார். பக்கங்களை அமைக்கும் மென்பொருள் அதைத் தானே செய்யும். கையால் எழுதும்போது மட்டும் நாம் கவனிக்க வேண்டும். நன்றாக நினைவிருக்கிறது, குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன்.

அது உலாவிகளின் போர்க்காலமும் கூட. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசொஃப்டும் ஒன்றையொன்று வெல்வதற்காக ஒன்றுக்கொன்று புரியாத வசதிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. 1997இல் இரண்டினதும் நான்காம் பதிப்புகள் வந்தபோது, பக்கத்துடன் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதி இரண்டிலும் இருந்தது. வாசகர் எதையும் நிறுவத் தேவையில்லை என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் இரண்டும் இரு வேறு முறைகள். ஒன்றுக்குச் செய்த எழுத்துரு மற்றதில் இயங்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இருவகைக் கோப்புகளைத் தயாரித்தோம். எழுத்துரு களவு போகாதிருக்க, அது எந்த இணைய முகவரிக்கு உரியதென்றும் கோப்பிலேயே பூட்டிவிட வேண்டும். விளைவு, பக்கத்தைத் தம் கணினியில் சேமித்து இணைப்பைத் துண்டித்தபின் படிக்க முயன்றவருக்கு மறுபடியும் ஆங்கிலக் குப்பைதான். தொலைபேசிக் கட்டணத்தை நிமிடக் கணக்கில் செலுத்திய காலத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் படித்தார்கள். 2000இல் வந்த நெட்ஸ்கேப்பின் ஆறாம் பதிப்பு தன்னுடைய பழைய முறையையே கைவிட்டது. எங்கள் உழைப்பில் பாதி அன்றோடு போயிற்று.

பொதுத் தரம் வேண்டும் என்ற குரல் அக்காலத்தில் எழாமலில்லை. உலாவி நிறுவனங்கள் தரங்களை மதிக்கவேண்டும் என்று கோரி மேற்கில் வலை வடிவமைப்பாளர்கள் 1998இல் ஓர் இயக்கத்தையே தொடங்கினார்கள். தமிழிலும் அவ்வாறே. மின்னஞ்சல் குழுவொன்றில் மாதக்கணக்காக விவாதித்து டிஸ்கி என்ற குறியீட்டுமுறையை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டு, மேலுள்ள 128 இடங்களில் தமிழை வைத்தது அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அதிலேயே தந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பின் தமிழக அரசு தாப், தாம் என்று வேறிரண்டைத் தரமாக்கியது. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்தவையே மூன்றாயின. பத்திரிகைகளாகிய நாங்கள் ஒன்றையும் ஏற்கவில்லை.

'நாங்கள்' என்று சொல்லி ஒளிந்துகொள்வது நேர்மையன்று. 2003இல் எங்கள் இணையப் பகுதியை யூனிகோட்டுக்கு, இன்று ஒருங்குறி என்கிறோமே, அதற்கு மாற்றவேண்டும் என்று அந்த இளைஞர் ஆசிரியபீடக் கூட்டத்தில் கேட்டார். விண்டோஸ் 2000 முதல் தமிழ் ஒருங்குறி கணினிக்குள்ளேயே வந்துவிட்டதென்று செய்தும் காட்டினார். எதிர்த்துப் பேசியவன் நான். என் வாதங்கள் இன்றும் நினைவிருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' ஐந்து பைற். ஒருங்குறியை இணையத்தில் அனுப்பும் யுரிஎஃப்-8 முறையில் பதினைந்து. தொலைபேசிக் கம்பிவழி படிப்பவருக்கு இது பாரம். வாசகரிற் பலர் விண்டோஸ் 98இல் இருக்கிறார்கள். எக்ஸ்பி வைத்திருப்போரும், கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியைத் தேடித் தெரிவுசெய்து, நிறுவல் இறுவட்டையும் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். கள்ளப் பிரதி வைத்திருப்பவர் இறுவட்டுக்கு எங்கே போவார்? அச்சுக்கோப்பாளர்களின் பத்தாண்டுப் பழக்கத்தை என்ன செய்வது? ஒவ்வொன்றும் உண்மை. கூட்டம் என் பக்கம் நின்றது. இளைஞர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். "அண்ணே, இன்றைக்குப் படிக்கிறவருக்காகப் பேசுகிறீர்கள், தேடி வருகிறவருக்காக அல்ல" என்று படியில் வைத்துச் சொன்னார். அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

அதே ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது, முதலிலிருந்தே ஒருங்குறி. அதை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரான மயூரநாதன் இலங்கையர். வலைப்பதிவர்களும் ஒருங்குறியிலேயே எழுதத் தொடங்கினார்கள். ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி, பாமினியையும் டிஸ்கியையும் ஒரு சொடுக்கில் ஒருங்குறியாக்கித் தந்தது. பத்திரிகைக்காரர் நாங்கள் ஊருக்கெல்லாம் புதுமை சொல்லிவிட்டு ஆகக் கடைசியில் வந்தோம். எங்கள் தளம் 2007இல் மாறியது. அடுத்த ஆண்டு இலங்கைத் தர நிறுவனமும் ஒருங்குறியை அடியொற்றிய தமிழ்க் குறியீட்டுத் தரத்தை வெளியிட்டது. பழைய பக்கங்களை மாற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை, அப்படியே விட்டோம். பின்னர் முகவரியும் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. 1998 முதல் 2007 வரையான ஒன்பது ஆண்டுகள் என்றால் எவையெவை என்று எண்ணிப் பாருங்கள். போர், 2002 போர்நிறுத்தம், கடற்கோள், மீண்டும் போர். இன்று உலகின் வலைத்தளங்களில் நூற்றுக்கு 98இற்கும் மேற்பட்டவை யுரிஎஃப்-8இல் இருக்கின்றன. எங்கள் ஒன்பது ஆண்டுகள் அந்தக் கணக்கிலும் இல்லை, தேடலிலும் இல்லை.

இனி அந்தப் பட்டியல். மட்டக்களப்பு நிருபர் தொலைபேசியில் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அச்சுக்கோப்பாளர் ஒருவர் தட்டச்சிட்டார். இரவு பதினொரு மணி. இணைய இளைஞர் வீட்டில் இல்லை. அவருடைய உறவினரும் கல்முனைப் பக்கத்தில். நானே கோப்பை வாங்கி, நோட்பேட்டில் ஒட்டி, முன்னும் பின்னும் வேண்டிய குறிச்சொற்களைக் கையால் எழுதி ஏற்றினேன். பக்கம் திறந்தது, பெயர்கள் தெரிந்தன, வீடு போனேன்.

ரொறன்ரோப் பெண்மணியின் கடிதத்தில் சின்னம்மாவின் பெயரை முதலில் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு நாட்கள் நிருபர்களின் பழைய கொப்பிகளையும் நெகிழ்தட்டுகளையும் கிளறிய பின்னரே உறைத்தது. அவருடைய பெயர் ஈசுவரி.

ஆவணக்காப்பகப் பிரதியைத் திறந்து, உலாவியில் மூலத்தைக் காட்டு என்ற கட்டளையைக் கொடுத்தேன். உலாவி காட்டாது விட்டதெல்லாம் மூலத்தில் இருக்குமே. இருபத்துமூன்றாம் பெயர். கூர்முனைக் குறி, தொடர்ந்து, பாமினியில் 'சு'வாகிய ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஆர்', பிறகு வகரம், அரவு, விசிறி, முடிவில் காற்புள்ளியாகிய மறுபக்கக் கூர்முனை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஈசுவரி அங்கேயே இருந்திருக்கிறார். ஈஸ்வரி என்று கிரந்த எழுத்திட்டு எழுதியிருந்தால் தப்பியிருப்பார். பாமினியில் 'ஸ' ஒரு பகர அடைப்பின் இடத்தில் இருக்கிறது. கூர்முனையை அடுத்து ஆங்கில எழுத்து வராவிட்டால் இன்றைய உலாவி அதைக் குறிச்சொல்லாகக் கொள்ளாது. எங்கள் அச்சுக்கோப்பாளர் தனித்தமிழில் பற்றுள்ளவர்.

ஏன் எவரும் கவனிக்கவில்லை என்பதும் விளங்கிற்று. மூலத்தில் 'த. ஈசுவரி, மா. கந்தசாமி' என்று இருந்தது. உலாவி பெயரையும் காற்புள்ளியையும் விழுங்க, பக்கத்தில் 'த. மா. கந்தசாமி' என்றாயிற்று. தந்தை பெயருடன் பாட்டன் பெயரையும் முதலெழுத்தாக இடுவோர் நம்மில் உண்டு. பிழையென்று எவருக்கும் தோன்றியிராது.

பெண்மணிக்கு அன்றிரவே எழுதினேன். எப்படி மறைந்தது என்பதையும், எவர் கையால் மறைந்தது என்பதையும் எழுதினேன். ஆவணக்காப்பகத்தின் பிரதியைத் திருத்த இயலாது. ஆகவே 61 பெயர்களையும் ஒருங்குறியில் ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டு, மூலத்துடன் இருமுறை ஒப்புநோக்கி, பெரிய எழுத்தில் அச்செடுக்கத்தக்கதாக அனுப்பிவைத்தேன். அதே பட்டியலை இந்தப் பக்கத்திலும் தனிப்பதிவாக இட்டிருக்கிறேன். இருபத்துமூன்றாவது த. ஈசுவரி. இருபத்துநான்காவது மா. கந்தசாமி.